சிகிச்சை முடிந்த குடல்

கருப்பை வாய்க்கும் மலக்குடலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மில்லிமீட்டரில்தான் சொல்ல வேண்டும். முன்பக்கம் சிறுநீர்ப்பை, பின்பக்கம் மலக்குடல், மேலே சிறுகுடலின் சுருள்கள். இடுப்பெலும்புக் கூட்டுக்குள் இடம் தாராளமாக இல்லை. கருப்பை வாயில் வந்த புற்றுக்குக் கதிர்வீச்சு கொடுக்கும் மருத்துவருக்குக் கட்டியைப் பற்றி எவ்வளவு கவலையோ, அதை நெருக்கிக்கொண்டிருக்கும் இந்த அண்டை உறுப்புகளைப் பற்றியும் அவ்வளவு கவலை.

சிகிச்சை இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் சுமார் ஐந்து வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், வெளியிலிருந்து கதிர். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனை வரிசையில் நிற்பவர்கள் இதைக் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள். கொல்கத்தாவில் ‘ரே’ கொடுப்பது. அடுத்த கட்டம் உள்ளேயிருந்து. கதிரியக்கப் பொருளைக் குழாய் வழியாகக் கருப்பைக்குள்ளேயே அனுப்பிச் சில நிமிடங்கள் வைத்துவிட்டுத் திரும்ப எடுத்துவிடுவார்கள். இங்கே இயற்பியல் கைகொடுக்கிறது. மூலத்திலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் கதிரின் செறிவு நான்கில் ஒன்றாகிவிடும். அதனால்தான் கட்டியைப் பொசுக்கும் அளவு கதிரை உள்ளே வைத்தாலும் பக்கத்து உறுப்பு பிழைக்கிறது. ஆனால் அந்தக் குழாய் சில மில்லிமீட்டர் பின்னால் சாய்ந்தாலும் போதும், இதே கணக்கின்படி மலக்குடலின் முன்சுவர் வாங்கும் அளவு எகிறிவிடும்.

புற்றுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை கொல்கத்தாவின் ஹஸ்ராவில் 1950 ஜனவரி 2 அன்று திறக்கப்பட்டது. தேசபந்து சித்தரஞ்சன் தாஸின் பெயரைத் தாங்கிய அது இன்று சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிறுவனம். திறந்துவைத்தவர் ஐரீன் ஜோலியோ-கியூரி. ரேடியத்தைக் கண்டறிந்த மேரி கியூரியின் மகள். 1935-இல் தானும் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். மருத்துவமனையைத் திறந்துவைத்து ஆறு ஆண்டுகள் கழித்து ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனார். வாழ்நாளெல்லாம் கதிரியக்கத்தோடு புழங்கியதே அதற்குக் காரணம் என்பார்கள். கதிர் கொல்லும் என்பதும் குணமாக்கும் என்பதும் ஒரே குடும்பத்தில் எழுதப்பட்ட வரலாறு.

கதிர் குடலைத் தொந்தரவு செய்யும் என்பதோ அந்த மருத்துவமனைக்கும் முன்பே தெரியும். ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தது 1895 நவம்பரில். 1897-லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் டேவிட் வால்ஷ் என்ற மருத்துவர், எக்ஸ் கதிரோடு வேலை செய்த ஒருவருக்கு வயிற்றுப் பிடிப்பும் பேதியும் வந்ததை எழுதிவிட்டார். கதிர்வீச்சு சிகிச்சையின் வயதும் கதிர்வீச்சுக் குடல் நோயின் வயதும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்றைப் பற்றி நூலகம் நிறையப் புத்தகம் இருக்கிறது. மற்றதைப் பற்றி நோயாளியும் பேசுவதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை.

ஹஸ்ராவிலிருந்து தெற்கே இறங்கி ராஷ்பிஹாரி முனையில் கிழக்கே திரும்பினால் லேக் மார்க்கெட். மல்லிகைச் சரமும் வாழையிலையும் காப்பிப் பொடியும் கிடைக்கும், தமிழர்கள் பல தலைமுறையாகக் குடியிருக்கும் வட்டாரம். இன்னும் கிழக்கே தேசப்ரியா பார்க், டிரையாங்குலர் பார்க், பிறகு கரியாஹாட். மருத்துவமனையிலிருந்து எல்லாம் சேர்த்து சுமார் மூன்று கிலோமீட்டர். இரண்டு பக்க நடைபாதையிலும் புடவை, நைட்டி, கவரிங், பாத்திரம், செருப்பு. 1996 நவம்பரில் ‘ஆப்பரேஷன் சன்ஷைன்’ என்று பெயரிட்டு மாநில அரசு இந்த நடைபாதைக் கடைகளை ஒரே மூச்சில் அகற்றியது. கொஞ்ச காலத்திலேயே எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள். காலையில் கடை விரித்தால் இரவு வரை அதே நாற்காலி, அதே கூவல்: “தீதி, பௌதி, தேகே ஜான்” (அக்கா, அண்ணி, பார்த்துவிட்டுப் போங்கள்).

அந்த வரிசையில் ஒரு பெண்ணை உட்காரவைத்துப் பார்ப்போம். அவர் என் கற்பனை. அவருக்கு நேர்பவை கற்பனையில்லை. நாற்பத்தெட்டு வயது. கேனிங் பக்கத்திலிருந்து உள்ளூர் ரயிலில் பாலிகஞ்ச் வந்து இறங்கி நடந்து வருகிறார். மூன்று ஆண்டுக்கு முன் கருப்பை வாய்ப் புற்றுக்குக் கதிரும் மருந்தும் முடிந்தன. ஒவ்வொரு பரிசோதனையிலும் “நோய் இல்லை” என்று எழுதித் தருகிறார்கள். அதில் பொய்யில்லை. ஆனால் ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை வெளிக்குப் போக வேண்டியிருக்கிறது. வருகிறது என்று தெரிந்த பிறகு இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் அடக்க முடிவதில்லை. இரண்டு முறை ரயிலிலேயே ஆகிவிட்டது. அன்றிலிருந்து காலையில் எதுவும் சாப்பிடுவதில்லை. தண்ணீர்கூட நாக்கு நனைக்கத்தான். அன்றைய முதல் சோறு இரவு ஒன்பதரைக்கு.

கொல்கத்தாவில் வயிறு பேசக்கூடாத விஷயமில்லை. அம்பல் (நெஞ்செரிச்சல்), கேஸ், இசப்கோல் எல்லாம் அடா அரட்டையில் அரசியலுக்கு அடுத்தபடி வரும். மலச்சிக்கலை மையமாக வைத்து ஒரு வங்காளித் தந்தையின் கதையை ‘பிக்கு’ என்று 2015-இல் இந்திப் படமாகவே எடுத்தார்கள்; ஊரே பார்த்துச் சிரித்தது. வராததைப் பற்றி இவ்வளவு பேசுகிற ஊர், நிற்காததைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. ஏனென்றால் முன்னது தொல்லை, பின்னது அவமானம். நம் பெண் மருத்துவரிடம் சொல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. உயிரைக் காப்பாற்றியவரிடம் போய் இதைக் குறையாகச் சொல்வதா என்ற கூச்சம். மருத்துவர் கேட்டிருக்கலாமே என்றால், ஒரு காலை நேரத்தில் நூறு பேரைப் பார்க்கிறவர் ரத்தப்போக்கு உண்டா, வலி உண்டா என்பதோடு அடுத்த அட்டையை எடுக்கிறார்.

உடம்புக்குள் நடந்தது என்ன?

சிறுகுடலின் உட்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை முழுதாகப் புதுப்பிக்கப்படுகிறது. குழிகளின் அடியில் இருக்கும் தாய்ச் செல்கள் ஓயாமல் பிரிந்து மேலே அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. வேகமாகப் பிரியும் செல்லைத்தான் கதிர் முதலில் அடிக்கும். புற்றுச் செல்லை அது கொல்வதும் அதே காரணத்தால்தான். ஆகவே சிகிச்சையின் இரண்டாம் மூன்றாம் வாரத்தில் பேதி வருவது எதிர்பார்த்ததே. பெரும்பாலோருக்குச் சிகிச்சை முடிந்து சில வாரங்களில் தாய்ச் செல்கள் தலைதூக்கி, உட்தோல் திரும்ப வளர்ந்துவிடும். இதை எல்லா மருத்துவரும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

சொல்லாமல் விடுவது அடுத்த பாகத்தை. ஆறு மாதம், ஓராண்டு, சில சமயம் பத்தாண்டு கழித்து வருவது வேறு கதை. அப்போது பாதிக்கப்படுவது உட்தோல் அல்ல, அதற்கு ரத்தம் கொண்டுவரும் நுண்ணிய நாளங்கள். அவற்றின் சுவர் தடித்து உள்வழி அடைகிறது. ரத்தம் குறைந்த திசுவில் நார் படிகிறது. மிருதுவாக விரிந்து கொடுத்த மலக்குடல் விறைத்துப்போகிறது. ரத்தக் குறையை ஈடுகட்ட முளைக்கும் புதிய நாளங்கள் மெலிந்தவை, சீக்கிரம் உடைந்து ரத்தம் கசிபவை. சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டு நன்றாக இருந்துவிட்டுத் திடீரென்று மலத்தில் ரத்தத்தைப் பார்ப்பவருக்குப் புற்று திரும்பிவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். பல நேரம் அது இந்த நாளங்களின் வேலை.

லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையில் ஜெர்வாய்ஸ் ஆண்ட்ரெயெவ் என்ற குடல் மருத்துவர் இதில் ஒரு பிடிவாதத்தோடு இறங்கினார். ‘கதிர்வீச்சுப் பேதி’ என்று ஒரே பெயரில் மூட்டை கட்டிவைத்திருப்பதற்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல கோளாறுகள் இருக்கின்றன, தனித்தனியே தேடினால் தனித்தனியே மருந்து உண்டு என்பது அவர் கட்சி. எனக்கு இந்தத் துறையில் படித்தவற்றுள் இதைவிட நம்பிக்கை தந்தது வேறில்லை.

நம் நடைபாதைப் பெண்ணையே எடுத்துக்கொள்வோம். அவருடைய சிறுகுடலின் கடைசி ஓரடி இடுப்புக் கூட்டுக்குள் இறங்கிக் கிடந்திருக்கலாம். அப்படியானால் அதன் மேலும் கதிர் பட்டிருக்கும். கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் அனுப்பும் பித்த அமிலத்தில் சுமார் 95 விழுக்காட்டை உறிஞ்சித் திரும்பக் கல்லீரலுக்கு அனுப்புவது அந்தக் கடைசிப் பகுதிதான். அது கெட்டால் பித்த அமிலம் பெருங்குடலுக்குள் கொட்டும். பெருங்குடல் அதைத் தாங்காது. நீரைச் சுரந்து வெளியே தள்ளும். மஞ்சளாக, எண்ணெய்ப் பசையாக, திடீரென்று முட்டிக்கொண்டு வரும் பேதி. இதற்குக் கொலஸ்டிரமின் என்ற பழைய மருந்து, பித்த அமிலத்தைப் பிடித்துக் கட்டிவைத்துவிடும். கொழுப்பு குறைந்த சாப்பாடும் உதவும். கடுகெண்ணெயில் பொரித்த இலிஷ் மீன் சாப்பிட்ட மறுநாள்தான் ரொம்ப மோசம் என்று ஒருவர் சொன்னால், அது மருத்துவருக்கு ஒரு தடயம். வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவதும் இதே ஓரடியில்தான் என்பதால் அதையும் சோதித்துப் பார்ப்பார்கள்.

அல்லது காரணம் வேறாக இருக்கலாம். பாலின் லாக்டோசைப் பிரிக்கும் நொதி, சிறுகுடலின் உட்சுவரில் விரல் போல் நீட்டிக்கொண்டிருக்கும் முளைகளின் நுனியில் இருக்கிறது. நுனி தேய்ந்தால் முதலில் போவது அது. அப்போது பால் டீயும் பாயசமும் ஆகாது. தயிர் ஒத்துக்கொள்ளும், பாலைத் திரித்துத் தண்ணீர் பிரித்தெடுத்த சானாவில் செய்த சந்தேஷும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். இல்லையென்றால், அசைவு குறைந்த சிறுகுடலில் கிருமிகள் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கலாம்; அதற்கு ஆன்டிபயாடிக். தைராய்டு, சர்க்கரை நோய், சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை இவையும் பேதியைக் கூட்டும். இவற்றுக்கும் கதிருக்கும் சம்பந்தமே இல்லை; ஆனாலும் பழி கதிர் மேல் விழுகிறது. ஒரே ஆளிடம் இரண்டு மூன்று காரணம் சேர்ந்திருப்பதும் சாதாரணம்.

ஆண்ட்ரெயெவின் குழு இதை ஒரு வழிகாட்டிப் படிவமாக எழுதியது: இந்த அறிகுறி என்றால் இந்தச் சோதனை, இந்த முடிவு என்றால் இந்த மருந்து. இடுப்புக் கதிர்வீச்சுக்குப் பிறகு குடல் தொல்லை உள்ள 218 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பும் ஒரு கையேடும். இன்னொன்றுக்குப் படிவத்தை வைத்துக் குடல் மருத்துவர் வைத்தியம் பார்த்தார். மூன்றாவது பிரிவுக்கு அதே படிவத்தை வைத்துப் பயிற்சி பெற்ற ஒரு செவிலியர். 2013-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. கையேடு மட்டும் பெற்றவர்களைவிட மற்ற இரு பிரிவினரும் தெளிவாக நலமடைந்திருந்தார்கள். செவிலியரின் கை மருத்துவரின் கைக்குக் குறைந்ததாக இல்லை. குடல் நிபுணர்கள் பெருநகரங்களில் மட்டும் கிடைக்கும் நம் நாட்டுக்கு அந்த மூன்றாவது பிரிவுதான் முக்கியம் என்பேன்.

குடல் கெடுவதற்குக் கதிர் ஒரு வழி. கத்தி இன்னொரு வழி.

மலக்குடலை ரயில் நிலையத்தின் காத்திருப்பு அறை என்று வைத்துக்கொள்ளலாம். மேலேயிருந்து வருவது அங்கே தங்கும். அறை விரிந்து கொடுக்கும். வாசலில் இரண்டு காவலாளிகள். உள்சுருக்குத்தசை நாம் கேட்காமலே தூக்கத்திலும் மூடியிருப்பது. வெளிச்சுருக்குத்தசை நாம் சொன்னால் இறுக்குவது. வந்திருப்பது காற்றா, நீரா, திடமா என்று வாசலுக்கு அருகில் இருக்கும் நுண்ணிய உணர்வு நரம்புகள் அவ்வப்போது தொட்டுப் பார்த்துச் சொல்லும். அந்தத் தகவலை நம்பித்தான் நாம் சபையில் காற்றை மட்டும் கமுக்கமாகப் பிரிக்கிறோம்.

மலக்குடல் புற்றுக்கான தாழ்நிலை அறுவையில் அந்த அறையையே எடுத்துவிட்டுப் பெருங்குடலை இழுத்துவந்து வாசலோடு தைக்கிறார்கள். ஆசனவாயைக் காப்பாற்றிவிட்டோம், வயிற்றில் நிரந்தரப் பை வேண்டியதில்லை என்பது அறுவை மருத்துவத்துக்குப் பெரிய வெற்றி. 1908-இல் எர்னஸ்ட் மைல்ஸ் வகுத்த முறையில் ஆசனவாயும் சேர்ந்தே போனது. ஆனால் பெருங்குடலின் தொழில் தள்ளுவது, வைத்திருப்பது அல்ல. விளைவு: கொஞ்சம் போய்விட்டு எழுந்தால் கால்மணியில் மறுபடி, பிறகு மறுபடி. ஒரு மணி நேரத்தில் நாலைந்து முறை. பிறகு ஒரு நாள் முழுக்க ஒன்றுமில்லை. காற்றா மலமா என்று தெரிவதில்லை. இந்த அறுவை செய்தவர்களில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினருக்கு இது கடுமையாகவே இருக்கிறது.

டென்மார்க்கின் மருத்துவர்கள் எமர்ட்சன், லார்பர்க் இருவரும் 2012-இல் இதை அளக்க ஐந்தே கேள்வி கொண்ட மதிப்பெண் முறை ஒன்றை வெளியிட்டார்கள். மொத்தம் 42. முப்பதும் அதற்கு மேலும் கடுமை. கேள்விகளைவிட அவற்றுக்கு விழுந்த மதிப்பெண்கள்தான் சுவாரசியம். எது வாழ்க்கையை எவ்வளவு கெடுக்கிறது என்று நோயாளிகளிடமே கேட்டு அதன்படி எடை போட்டார்கள். நீர்மலக் கசிவுதான் உச்சம் என்று வெளியிலிருப்பவர் யாரும் நினைப்பார். அதற்கு அதிகபட்சம் 3. அடக்க முடியாத அவசரத்துக்கு 16. அடுத்தடுத்துப் போக வேண்டியிருப்பதற்கு 11. கசிவுக்கு ஒரு பட்டை வைத்துக்கொள்ளலாம், துணி மாற்றிக்கொள்ளலாம். அவசரமோ ஆளை வீட்டு வாசல் தாண்ட விடுவதில்லை. கேட்டதால்தான் இது தெரிந்தது.

பெரும்பாலும் முதல் ஓராண்டில் நிலைமை தானாகவே ஓரளவு சரியாகும். மீதிக்கு வழி இருக்கிறது. இசப்கோல் மலச்சிக்கலுக்கு என்றுதான் நம் வீடுகளில் எண்ணம். அதே உமி குறைந்த தண்ணீரில் எடுத்தால் தளர்ந்த மலத்தைக் கெட்டியாக்கிச் சேர்த்துப் பிடிக்கும். லோபெரமைடைப் பேதி வந்த பிறகு போடுவதைவிடச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால், மருத்துவர் சொன்ன அளவில் போடுவது பலன் தரும். இடுப்புத் தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சிக்கு ஆர்னால்டு கெகல் 1948-இல் தந்த வடிவம் இன்றும் நிற்கிறது. மாதக்கணக்கில் செய்தால்தான் தெரியும். இவையெல்லாம் போதாதபோது ஆசனவாய் வழியே வெதுவெதுப்பான நீரைச் செலுத்திக் குடலை ஒரே தடவையில் காலி செய்வது. அதன்பின் ஒரு நாளாவது நிம்மதியாக வெளியே போய்வரலாம். வயிற்றில் பெருங்குடலுக்கு நிரந்தரத் துளை உள்ளவர்களுக்கு இதே போன்ற நீர்முறை உண்டு. ஒரு நாளைக்குப் பையே வேண்டியிருக்காது, காசும் மிச்சம். ஆனால் கதிர் பட்ட குடலின் சுவர் மெலிந்திருக்கும். தானே வீட்டில் எனிமா வாங்கி முயன்று பார்ப்பது ஆபத்து. பயிற்சி பெற்றவர் கற்றுத்தர வேண்டும்.

அறுவையின்போது தையல் ஆறும் வரை பலருக்குச் சிறுகுடலை வயிற்றில் திறந்து தற்காலிகமாகப் பை வைப்பார்கள். இங்கேதான் கொல்கத்தாவுக்கு உலகம் கடன்பட்டிருக்கும் ஒரு விஷயம் வருகிறது. பெருங்குடல் வழியில் இல்லாததால் நீரும் உப்பும் பையில் கொட்டும். நாளுக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் ஆள் துவண்டுபோவார். வீட்டார் உடனே தண்ணீர் கொடுப்பார்கள், டீ கொடுப்பார்கள், தெருமுனையில் வெட்டும் இளநீரை வாங்கி வந்து ஊற்றுவார்கள். பை இன்னும் வேகமாக நிரம்பும். சிறுகுடலின் மேற்பகுதிச் சுவர் உப்புக்குத் திறந்தது. உள்ளே போகும் பானத்தில் சோடியம் குறைவாக இருந்தால் உடம்பிலிருந்தே சோடியம் குடலுக்குள் கசிந்து, தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் சொற்பம். இவருக்கு வேண்டியது உப்பும் சர்க்கரையும் கணக்காகக் கலந்த நீர்.

அந்தக் கணக்கு பிறந்த கதையில் பாதி இந்த நகரத்துடையது. காலரா கிருமி குடலைத் தின்பதில்லை, ஒரு நச்சைச் சுரந்து குடலை நீர் சொரிய வைக்கிறது என்று சம்புநாத் தே 1959-இல் கல்கத்தாவிலிருந்து நேச்சர் இதழில் நிறுவினார். அடுத்த ஆண்டு ராபர்ட் கிரேன், குடல் குளுக்கோஸை எடுக்கும்போது சோடியத்தையும் சேர்த்தே எடுக்கிறது என்ற கருத்தை முன்வைத்தார். 1971-இல் வங்கதேசப் போரின் அகதிகள் எல்லையில் பங்காவ் முகாமில் காலராவில் விழுந்தபோது நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோயிற்று. கல்கத்தாவில் வேலை பார்த்த மருத்துவர் திலீப் மஹாலானபிஸ் ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் உப்பு, இரண்டரை கிராம் சமையல் சோடா என்று கலந்து, உறவினர்கள் கையாலேயே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 3.6-க்கு இறங்கியது. 2022 அக்டோபரில் அவர் காலமானார். மறுஆண்டு பத்ம விபூஷண். அவர் கலந்தது காலராவுக்கு. ஆனால் குடல் பை வைத்துக்கொண்டு துவளும் புற்றுநோயாளிக்கு இன்று மருத்துவர்கள் எழுதித் தருவதும் அதே வேதியியலைத்தான். இதய, சிறுநீரக நோய் இருந்தால் மட்டும் அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

இனித் தோல். நாளைக்கு எட்டு முறை என்றால் எட்டு முறை கழுவல், எட்டு முறை ஈரம். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது. அதுவே அதற்குக் காவல். தளர்ந்த மலத்தில் செரிமான நொதிகள் உயிரோடு வருகின்றன, காரத்தன்மையும் சேர்ந்து தோலை அரிக்கின்றன. அதன்மேல் நம் வீட்டு வழக்கம் ஒன்று: சுத்தம் போதவில்லை என்று சோப்பு, அதுவும் போதாமல் வாளியில் இரண்டு மூடி கிருமிநாசினி. கதிர் பட்டு மெலிந்த தோலுக்கு இது சித்திரவதை. வெறும் தண்ணீரே சிறந்தது. காகிதத்தால் துடைப்பவர்களைவிடக் கழுவும் பழக்கம் உள்ள நாம் இந்த விஷயத்தில் முன்னேதான் இருக்கிறோம். வேகமாகப் பீய்ச்சாமல், தேய்க்காமல், முன்னிருந்து பின்னாகக் கழுவி, பழைய பருத்தித் துணியால் ஒற்றி உலரவிட்டு, துத்தநாக ஆக்ஸைடு களிம்போ பெட்ரோலியம் ஜெல்லியோ மெல்லிய படலமாகப் பூச வேண்டும். வாசனைப் பவுடர் வேண்டாம். மணமூட்டிய ஈரக் காகிதங்களும் வேண்டாம். மாதவிடாய்ப் பட்டை இதற்காகச் செய்யப்பட்டதல்ல. கசிவுக்கென்றே உள்ள பட்டைகள் ஈரத்தைத் தோலிலிருந்து விலக்கி வைப்பவை.

குடல் துளையைச் சுற்றியுள்ள தோலுக்கு இதே பிரச்சினை இன்னும் கடுமை. அதற்கு முதல் நல்ல காவல், பல்செட் ஒட்டப் பயன்பட்டுவந்த கராயா பிசின். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ரூபர்ட் டர்ன்புல் 1950-களில் அதன் அருமையைக் கண்டுகொண்டார். அந்தப் பிசின் வடிந்ததோ இந்தியக் காட்டு மரத்திலிருந்து.

உடம்புச் சுத்தத்துக்கு மேலே ஒரு சுத்தம் இருக்கிறது. மடி பார்க்கும் வீடுகளில் இந்த நோயாளி தானாகவே பூஜையறைக்கு வெளியே நின்றுவிடுகிறார். தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவும் ஒளூவைச் செய்த பிறகு காற்றுப் பிரிந்தால் ஒளூ முறியும். நிற்காமல் கசிபவர் எத்தனை முறைதான் செய்வார்? இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் இதற்கு எப்போதோ சலுகை தந்துவிட்டார்கள்: நாட்பட்ட கசிவு உள்ளவருக்கு ஒரு வேளைத் தொழுகைக்கு ஒரு ஒளூ போதும். சாஸ்திரம் தெரிந்தவர்களை மருத்துவமனைக்குள் ஒருமுறை அழைத்துவந்து இதே கேள்வியைக் கேட்டால் என்ன என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நம் கரியாஹாட் பெண் பட்டினி கிடந்து சமாளிக்கிறார். அது பாதிதான் பலிக்கும். சாப்பிட்டவுடன் பெருங்குடல் சுருங்கித் தள்ளுவது இயல்பான அனிச்சைச் செயல். காலையில் எழுந்ததும் முதல் உணவுக்குப் பின் அது பலமாக இருக்கும். அதை எதிர்த்து நிற்பதைவிட அதை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். ஒன்றரை மணி நேரம் முன்னதாக எழுந்து, வெதுவெதுப்பான நீரும் சிறிது சோறோ பொரியோ சாப்பிட்டு, வீட்டுக் கழிவறையிலேயே அந்த அலைகளை முடித்துவிட்டு ரயிலேறுவது. மதியம் கொஞ்சமாக, கொழுப்பில்லாமல். இப்படிச் சொல்வது எளிது என்று எனக்கும் தெரியும். நாலரை மணிக்கு எழுபவரிடம் மூன்று மணிக்கு எழச் சொல்கிறேன். அவர் ஏறும் உள்ளூர் மின்ரயில்களில் கழிவறையே கிடையாது. கேனிங்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் பயணம். பிரிட்டனில் 1981 முதல் மாற்றுத்திறனாளிகளின் பொதுக் கழிவறைகளுக்கு நாடு முழுக்க ஒரே சாவி என்ற திட்டம் இருக்கிறது. குடல் நோயாளிகளும் அதை வைத்துக்கொள்ளலாம். நடைபாதைக் கடைக்காரருக்குக் கழிவறை எத்தனை அடி தொலைவில் என்பது நகராட்சிக் கணக்கு மட்டுமல்ல, மருத்துவக் கணக்கும்தான்.

இதெல்லாம் வந்த பின் செய்வது. வராமல் தடுக்கும் வேலையில் இந்தியாவிலேயே நடந்த ஒன்று உலகின் கவனத்தைப் பெற்றது. மும்பை டாட்டா நினைவு மையத்தில் சுப்ரியா சோப்ராவும் குழுவினரும், கருப்பை வாய்ப் புற்றுக்கு அறுவை முடிந்து கதிர் தேவைப்பட்ட 300 பெண்களை 2011-க்கும் 2019-க்கும் இடையே சேர்த்தார்கள். பாதிப்பேருக்கு வழக்கமான முப்பரிமாணக் கதிர். மீதிப்பேருக்கு, கதிரின் செறிவைத் துண்டு துண்டாகக் கூட்டிக் குறைத்து, அன்றாடம் உள்ளுறுப்புகளைப் படமெடுத்துப் பார்த்துக் குடலைத் தவிர்த்துக் கொடுக்கும் முறை. மூன்று ஆண்டு கழித்துக் குறிப்பிடத்தக்க குடல் பாதிப்பு முதல் பிரிவில் 42.4 விழுக்காடு, இரண்டாவதில் 21.1. புற்றைக் கட்டுப்படுத்தியதில் வித்தியாசமில்லை. பாதிக்குப் பாதி! 1897-லிருந்து தெரிந்த ஒரு தொல்லையைப் பாதியாக்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது. அதற்கு வேண்டிய கருவியும் நேரமும் எல்லா மருத்துவமனையிலும் இன்னும் இல்லை.

ஏற்கனவே கதிர் பெற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை பாக்கியிருக்கிறது. மலத்தில் ரத்தம் கண்டால் பரிசோதனை கட்டாயம் வேண்டும். கதிரின் விளைவாகத்தான் இருக்கும் என்று தானே முடிவு கட்டக்கூடாது. ஆனால் பத்தாண்டு கழித்து வேறு ஊரில், வேறு மருத்துவரிடம் போகும்போது, குழாய் விட்டுப் பார்ப்பதற்கு முன்பே “எனக்கு இடுப்பில் கதிர் கொடுத்திருக்கிறார்கள்” என்று சொல்லிவிட வேண்டும். ரத்த ஓட்டம் குறைந்த மலக்குடலின் முன்சுவரில் சதைத் துணுக்கு எடுத்தால் அந்தப் புண் ஆறாமல் பிறப்புறுப்புக்குள் துளை விழுந்துவிடக்கூடும். கசியும் நாளங்களைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காணலாம். தொல்லை அதிகமானால் ஆர்கான் வாயுவின் மூலம் சுட்டு அடைக்கலாம், சுக்ரால்ஃபேட்டைக் கரைத்து எனிமாவாகக் கொடுக்கலாம், லேசான கசிவை ஒன்றும் செய்யாமலே விடலாம். எதைச் செய்வது என்று தீர்மானிக்க அந்த மருத்துவருக்கு வேண்டியது பழைய சிகிச்சைத் தாள்: எந்த ஆண்டு, எத்தனை நாள், எத்தனை கிரே (கதிர் அளவின் அலகு), உள்ளே எத்தனை முறை. ஆதார் அட்டை வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையிலேயே அதன் நகலையும் வைத்துக்கொள்ளலாம்.